பின்பக்கமாக வந்து சேர்ந்த அறைகள்

வியட்நாமிலிருந்த அறை வந்து சேர்ந்த காலையில் ருக்கியாக்கா பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து கானாங்கெளுத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது மாதிரிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், நேற்றுவரை வெறும் வெளியாகக் கிடந்த முற்றத்து ஓரத்தில் நீலக் கதவு போட்ட ஓர் அறை நின்றுகொண்டிருந்தது. வெகு தூரம் நடந்து வந்த விருந்தாளி வாசலில் தயங்குவதுபோல, கொஞ்சம் கூச்சமாக, கூரையில் வேறொரு ஊரின் மழை சொட்டச் சொட்ட நின்றது. ருக்கியாக்கா அதை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த மீனின் செவுளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "வந்ததுதான் வந்தே, ஓரமா நிக்கக் கூடாதா? கொழாய மறச்சிகிட்டு" என்றார். அறை ஒரு முழம் தள்ளி நின்றது.

பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியில், தோணிக்காரச் சந்தில் இருந்தது ருக்கியாக்காவின் வீடு. முன்னால் இரண்டு பேர் கைகோத்து நின்றால் அடைத்துக்கொள்ளும் அகலம், உள்ளே போனால் ரயில்பெட்டிகளைக் கோத்த மாதிரிப் போய்க்கொண்டே இருக்கும் நீளம். கீழே அவருடைய வீட்டுக்காரர் விட்டுப்போன குடைக்கடை, நடுவில் வானம் பார்த்த முற்றம், கடைசியில் அடுப்படி, மாடியில் வாடகைக்கு ஓர் அறை. இந்த ஊரெல்லாம் பாரம்பரியம் என்று உலகத்தார் வந்து பலகை மாட்டிவிட்டுப் போனதிலிருந்து சந்தில் ஓர் ஆணி அடிப்பதற்கும் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதே பலகையைப் பார்த்துத்தான் மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கிறவர்களும் வந்து இறங்குகிறார்கள். சந்துமுனைக் கடையில் தே தாரிக் என்ற நுரைத்தேநீர் ஆற்றும் பக்ருதீன் அவர்களைப் பற்றிப் பேசும்போது தொண்டையை இழுத்து மூக்கால் பேசுவார்: "ப்ரதர், ஒன் ஐஸ் டீ, வேர் இஸ் த ப்ளக் பாயிண்ட்னு கேப்பாங்க லா. ஒரு டீக்கு மூணு மணி நேரம் என் கரண்ட உறிஞ்சிட்டுத்தான் எந்திரிப்பாங்க."

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் மாடியில் இருந்த லோகேஸ்வரி. மற்றவர்கள் வெள்ளைக்காரர்கள், இவள் தமிழ்ப்பிள்ளை என்பதில் பக்ருதீனுக்குப் பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம். மூக்கால் பேசிக் காட்ட முடியவில்லையே. எட்டு வருஷமாக ஊர் மாறி ஊர் இருந்தவள். நாலு நாட்டுக் கம்பெனிகளுக்கு, செயலிகளில் வரும் சின்னச் சின்ன வாசகங்களை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. கைபேசியில் ஏதாவது திறக்காமல் நின்றுபோனால், 'மன்னிக்கவும், ஏதோ தவறு நடந்துவிட்டது, சற்று நேரம் கழித்து முயலவும்' என்று வருமே, அதை யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும். உலகத்தில் எங்கெங்கோ, யார் யாரோ செய்த தவறுகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவள் தோள் இரண்டும் தாழ்ந்துபோயிருந்தன. முப்பத்தாறு வயதில், மாடிப்படி ஏறும்போது நடுப்படியில் ஒரு தரம் உட்கார்ந்துதான் ஏறுவாள்.

"புள்ள, கீழ வந்து பாரு, ஒனக்கு ஆள் வந்திருக்கு" என்று ருக்கியாக்கா கூப்பிட்டபோதும் அவள் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தாள். நீலக் கதவைத் திறந்து பார்த்தாள். போன மாதம்வரை அவள் இருந்த ஹோய் ஆன் ஊர் அறை. அதே கொசுவலை, அதே மேசை, தலையணையில் அவள் தலை அழுத்திய பள்ளம் அப்படியே. சன்னலைத் திறந்தால் பினாங்கு தெரியவில்லை. அங்கே ஓடிய ஆறும், ஆற்றில் விளக்குப் படகும், மழையும் தெரிந்தன.

"அங்கேர்ந்து கெளம்பும்போது என்ன சொல்லிட்டு வந்தே?" என்று கேட்டார் ருக்கியாக்கா.

"என்ன சொல்லுவாங்க... கதவப் பூட்டும்போது, போயிட்டு வரேன்னு சொன்னேன்."

"யாருகிட்ட?"

"யாரும் இல்ல. ரூமுகிட்டதான். அம்மா பழக்கிவிட்டது. போறேன்னு சொல்லவே கூடாதுன்னு வாயில அடிப்பாங்க."

"ஆங்! வரேன்னு சொல்லிருக்கே. அது பாத்துருக்கும், பாத்துருக்கும், நீ வர்ற மாதிரி தெரியல. எத்தன நாளைக்குத்தான் வாசலப் பாத்துகிட்டு நிக்கும் பாவம், அதுவே கெளம்பி வந்திருச்சு" என்று சொல்லிவிட்டு ருக்கியாக்கா மீனுக்கு மஞ்சள் தடவப் போய்விட்டார். காரணத்தைப் பற்றி அந்தச் சந்தில் அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஆனால் லோகேஸ்வரி அன்றைக்கு மாடிக்குப் போய் மேற்குப் பக்கத்து மேசையை இழுத்துக் கிழக்குச் சன்னலுக்குப் போட்டுக்கொண்டாள். அந்தச் சன்னலில் கடல் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம், ஃபெரியில் ஏறி ஒரு தே குடித்து முடிக்கும் தூரத்தில், பெருநிலத்துத் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் கொக்குகளாக நிற்கும். அவற்றுக்கும் கொஞ்சம் தள்ளி, பிறை என்ற ஊரில், பச்சை வர்ணம் அடித்த ஒரு வீட்டில் அவளுடைய அப்பா அர்ச்சுனன் இருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்து பதினாறு முடிவதற்குள் லிஸ்பனில் வேலை சேரவேண்டும் என்று பையைத் தூக்கியவள் அவள். "பதினாறு முடியாம வாசப்படி தாண்டாதே" என்று அவர் சொன்னார். "நான் போறேன்" என்று இவள் சொன்னாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. இப்போது வீட்டை ஒரு கார்ப்பட்டறைக்காரருக்குக் கைமாற்றிவிட்டு அப்பா அவள் தம்பியோடு இருக்க ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த்துக்குப் போகப் போகிறார், தீபாவளிக்கு முன்னால் சாவி கொடுக்க வேண்டும், வீட்டை இடித்துவிடுவார்கள் என்று தம்பி செய்தி அனுப்பியிருந்தான். அதைப் படித்துவிட்டுத்தான் அவள் பினாங்குக்கு வந்ததே. வந்தவள் ஃபெரித்துறைவரைக்கும் இரண்டு தடவை போனாள், இரண்டு தடவையும் டிக்கெட் வாங்குமிடத்தில் யாருக்கோ வழிவிட்டு நின்று, வழிவிட்டு நின்று, திரும்பி வந்துவிட்டாள். இன்றைக்கு நீலக் கதவைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று தோன்றியது. இது வருமென்றால் இதற்கு முந்தினதும் வரும். அதற்கு முந்தினதும் வரும். முந்தினதற்கெல்லாம் முந்தினது பிறையில் இருக்கும் பச்சை வீடு. அதுவாக வந்து நின்றுவிட்டால், கதவைத் திறந்து உள்ளே போவது மட்டும்தானே அவள் வேலை. அதற்குக்கூட அவளிடம் தெம்பு இருக்கும் என்று நினைத்தாள்.

அவள் நினைத்தது சரியாக இருந்தது. வாரத்துக்கு ஒன்றாக, சில வாரம் இரண்டாக, அறைகள் வந்தன. சியாங் மாயிலிருந்து மரத்தரை போட்ட அறை, பக்கத்து வீட்டுச் சேவல் சத்தத்தோடு வந்தது. மெக்சிகோவிலிருந்து மஞ்சள் சுவர் அறை வந்தது. ஜார்ஜியா தேசத்துத் திபிலிசியிலிருந்து, சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும் அறை பல் நடுங்கிக்கொண்டே வந்தது. எல்லாமே பின்பக்கமாகத்தான் வந்தன. முன்பக்கமாக வந்து மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருக்கும். வந்ததும் முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் தோளை ஒடுக்கிக்கொண்டு நுழைந்து வரிசையில் நின்றுகொள்ளும். வீடு நீண்டுகொண்டே போனது. ஆனால் பின்சந்து இருந்த இடத்திலேயே இருந்தது, அதில் நிறுத்திய மோட்டார்சைக்கிள்கூட இடிபடவில்லை. அது எப்படி என்று அளக்க வந்த அதிகாரி, முகப்பு மாறவில்லை, உயரம் கூடவில்லை, நீளத்தைப் பற்றி விதியில் ஒன்றும் எழுதவில்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டு, திபிலிசி அறையில் கொஞ்ச நேரம் குளிர் வாங்கிவிட்டு, தும்மிக்கொண்டே போனார்.

கஷ்டம் ருக்கியாக்காவுக்குத்தான். அடுப்படி தூரமாகிக்கொண்டே போயிற்று. மெக்சிகோ வந்தபோது குழம்பு கொண்டு வருவதற்குள் ஆறியது. திபிலிசி வந்தபோது உறைந்தது. "நான் என் வீட்டு அடுப்படிக்கு பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போவணும் போலருக்கே" என்று புலம்பிவிட்டு, செத்துப்போன வீட்டுக்காரரின் சைக்கிளைத் துடைத்து, சோற்றுப்பானையைப் பின்னால் கட்டி, அறை அறையாக மணியடித்துக்கொண்டு ஓட்டினார்.

சந்துக்கு அதில் கஷ்டம் ஒன்றுமில்லை. பக்ருதீன் பாலையும் வெண்ணெயையும் திபிலிசி சன்னலுக்கு வெளியே பனியில் புதைத்து வைத்தார். கரண்ட் பில் குறைந்த சந்தோஷத்தில் ஜார்ஜியாக்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மழை நாட்களில், ராத்திரியானதும் சந்துப் பெண்கள் ஈரத்துணி, மிளகாய், கருவாடு என்று கூடை கூடையாகத் தூக்கிக்கொண்டு மெக்சிகோ சன்னலுக்குப் போய் வெயிலில் காயப்போட்டார்கள். அங்கே கீழ்வீட்டுக் கிழவர் ஒருவர் கருவாட்டு வாசனைக்கு முதலில் கத்தினார், அப்புறம் ஒரு கூடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விட்டுப்போன நோன்பை வைத்துக்கொண்டிருந்த பக்ருதீனின் மச்சான், மெக்சிகோ அறையில் இன்னும் விடியவே இல்லை, அங்கே உட்கார்ந்து ஒரு ரொட்டி சாப்பிட்டால் என்ன குற்றம் என்று சட்டம் பேசினார். ருக்கியாக்கா துடைப்பத்தோடு சைக்கிளில் துரத்தினார். அவர் மூன்று நாடுகளைத் தாண்டி ஓடித்தான் தப்பித்தார்.

சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சந்து சந்தாகக் கதை சொல்லும் தனபாலனுக்கு மட்டும் தொண்டை போதவில்லை. "லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன்!" என்று அடிவயிற்றிலிருந்து எடுப்பார், குடைக்கடைக் குடைகள் எல்லாம் ஒரு தரம் குலுங்கும். "இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, பனிக்கட்டிக்கு ஏங்கின ஒரு கப்பல் கேப்டன், தன்னோட காதலிக்காகக் கட்டின பனியறை இது!"

"போன செவ்வாக்கெழம வந்ததுண்ணே அது" என்பாள் லோகேஸ்வரி மேலிருந்து.

"நீ சும்மா இரும்மா, பொழப்பு நடக்குதுல்ல" என்பார் அவர், கதைக் குரலை இறக்கிவைத்துவிட்டு.

அந்த அறைகளில் யாராலும் செய்ய முடியாதது ஒன்றே ஒன்றுதான்: தூங்குவது. தனபாலன் ஒரு மத்தியானம் சியாங் மாய் அறைக் கட்டிலில் சாய்ந்துவிட்டு எழுந்து வந்தபோது, படுக்கும்போது இருந்ததைவிட இரண்டு மடங்கு களைத்திருந்தார். கண் உள்ளே போய்விட்டது. "எத்தன வருஷமாத் தூங்கலியோ அந்தக் கட்டில்ல படுத்த ஆளு, அந்தக் களைப்பெல்லாம் என் ஒடம்புல ஏறிருச்சுலா" என்று பக்ருதீன் கடையில் உட்கார்ந்து அடுத்தடுத்து இரண்டு தே குடித்தார்.  எல்லாரும் மாடிச் சன்னலைப் பார்த்தார்கள். அங்கே லோகேஸ்வரி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடிக்கணினியில் எவனோ ஒருத்தனுக்குச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பு முடிந்து திரையை மூடியதும் முகத்திலிருந்து அது விழுந்துபோனது.

"அந்தப் புள்ள யாருக்காக உக்காந்திருக்கு?" என்று கேட்டார் தனபாலன்.

லோகேஸ்வரி தன்னிடம் சொல்லியிருந்த பச்சை வீட்டுக் கதையை ருக்கியாக்கா சொன்னார். அன்றிலிருந்து சந்து முழுக்கப் பச்சை வீட்டுக்காகக் காத்திருந்தது. வாடகைக்கு விட்ட மோட்டார்களைப் பின்சந்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள், முழு வீடாயிற்றே, இடம் வேண்டும். பக்ருதீன் அறைகளை விரல்விட்டு எண்ணி, "இன்னும் லிஸ்பன் மட்டும்தான் பாக்கி, அதுக்கடுத்தது அப்பாதான்" என்று ஓட்டப்பந்தய வர்ணனை சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறந்ததும் லிஸ்பன் வந்தது. சரிவான தெருவையும், எதிர்வீட்டுத் துணிக்கொடியையும் சன்னலில் மாட்டிக்கொண்டு, எல்லாவற்றிலும் அதிக வருஷம் காத்துக்கிடந்துவிட்டு வந்ததால் எல்லாவற்றிலும் அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. லோகேஸ்வரி அதற்குள் போகவே இல்லை. முற்றத்தில் ஸ்டூல் போட்டு, மடிக்கணினியை மடியில் வைத்து, வேலை பார்த்துக்கொண்டே பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுநாள் ஒன்றும் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. தலைவாரிக்கொண்டு உட்கார்ந்தவள் வாராமல் உட்கார ஆரம்பித்தாள். தீபாவளிக்கு முறுக்குப் பிழியும் வாசனை அடுத்த சந்துகளிலிருந்து வந்தது.

பக்ருதீன் கடையில் வழக்கு நடந்தது.

"அது வராது" என்றார் பக்ருதீன். "இந்த அறையெல்லாம் ஏன் வந்துச்சு? வரேன்னு சொல்லிட்டு வந்ததால. அப்பா வீட்ல என்னா சொன்னே நீ?"

"போறேன்னு சொன்னேன்" என்றாள் லோகேஸ்வரி.

"முடிஞ்சுச்சு. வீடுன்னா ரோஷம் இருக்காதா? அது எப்படி வரும்?"

"என்னாய்யா பேசுறே!" தனபாலன் மேசையைத் தட்டினார். "சாவு நடந்த வீடுய்யா அது. பதினாறு கழியாத வீட்லேர்ந்து கெளம்பறப்ப எவனாச்சும் போயிட்டு வரேன்னு சொல்வானா? சொல்லக் கூடாதுய்யா! சொன்னா இன்னொரு சாவுக்கு வரேன்னு அர்த்தமாயிரும். அந்தப் புள்ள சொன்னது முறைப்படி சரி!"

"முறைப்படின்னா சொல்லாம வரணும் அண்ணே. போறேன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றதா முறை?"

"நீங்க ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றார் ருக்கியாக்கா. அவர் சைக்கிள் ஓட்டிவந்த களைப்பில் படியில் உட்கார்ந்திருந்தார். "அந்த வீட்டுக்குள்ள ஒரு மனுசன் இருக்காருல்ல. இந்த அறையெல்லாம் காலி அறை, காத்து மாதிரி வந்திருச்சு. ஆள் இருக்கிற வீடு எப்படி வரும்? ஆளு வரேன்னு சொல்லணும்ல."

லோகேஸ்வரியின் தே ஆறி ஆடை கட்டியிருந்தது. அதைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனாள், நடுப்படியில் உட்கார்ந்தவள் அதற்குமேல் ஏறவில்லை, அங்கேயே சுவரில் சாய்ந்து பொழுதுபோகும்வரை இருந்தாள்.

சாவி கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில், பெருநிலத்திலிருந்து ஒரு கூட்டத்தை அழைத்துவரப் போயிருந்த தனபாலன் கூட்டமில்லாமல் தனியாக ஓடிவந்தார். கதைக் குரல் இல்லை, தன் சொந்தக் குரலும் இல்லை, இதுவரை யாரும் கேட்காத மூன்றாவது குரல் ஒன்று வந்தது. "லோகா, ஒங்கப்பா வீட்டுக்கு முன்னாடி பப்பாளி மரம் நிக்குமா?"

"நிக்கும்."

"தபால்பெட்டியில கோழி படம் இருக்குமா?"

"நான் வரைஞ்சது."

"அப்ப அதான். அந்தக் கரையில, பட்டர்வொர்த்துல ஃபெரித்துறைக்குப் போற ரோட்ல நிக்குதும்மா. லாரி வரிசை பூரா அடைச்சுப் போச்சு. ஃபெரிக்காரங்க ஏத்தமாட்டோம்னு சொல்லிட்டாங்களாம். இப்ப ஆளும் மோட்டாரும்தான் ஏத்துறது, காரையே ஏத்துறதில்ல, வீட்ட எங்கேர்ந்து ஏத்துறதுன்னு கேக்கிறாங்க. நியாயந்தானே?"

லோகேஸ்வரி மடிக்கணினியைப் பையில் போட்டாள், போட்டதே தெரியாமல் போட்டாள், எட்டு வருஷத்துப் பழக்கம். ஃபெரித்துறையில் யாருக்கும் வழிவிடவில்லை. கடல் நடுவில் காற்று அடித்தபோதுகூடக் கண்ணை மூடவில்லை. அந்தக் கரையில் இறங்கி ரோட்டுக்கு வந்தால், தனபாலன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. சாலையின் இடது ஓரத்தில், ஆரஞ்சுக் கூம்புகள் சுற்றிவர, பப்பாளி மரமும் தபால்பெட்டியும் இரும்புக் கேட்டுமாகப் பச்சை வீடு நின்றுகொண்டிருந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் அதைச் சுற்றி லாரிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில், இதுவும் ஒரு திங்கட்கிழமை என்கிற அலுப்பு. லாரிக்காரர்கள் கேட்டில் சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள். ரொட்டிக்காரர் ஒருவர் வண்டியை வீட்டு நிழலில் நிறுத்தியிருந்தார்.

வாசலில் கைலியும் பனியனுமாக அர்ச்சுனன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முடி முழுதும் நரைத்திருந்தது. கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவள் கேட்டைத் திறந்தாள். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலு வைக்கிற எடம் பாத்து வை" என்றார். "கடைசிப் படிய அங்கேயே விட்டுட்டு வந்திருச்சு."

அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இல்லாத படிக்கு மேலிருந்த படியில் காலை வைத்து ஏறினாள். ஏறி அவர் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். லாரி ஒன்று போயிற்று, வீடு லேசாக அதிர்ந்தது.

"எப்பப்பா கெளம்புச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? தெக்க பாத்த வீடு. ஒரு நாள் காலைல எந்திரிச்சு வந்தா மேக்க பாத்து நிக்குது. மேக்க என்னா இருக்கு? கடல் இருக்கு, தீவு இருக்கு. அப்பவே நெனச்சேன், நீ அங்க வந்து எறங்கிட்டேன்னு. அடுத்த வாரம் கேட்டத் தாண்டி நிக்குது. அப்புறம் பள்ளிக்கூடத்துகிட்ட. நாள் பூரா சும்மா நிக்கும், நான் கண்ணசந்தா நகரும். அதுக்காக நான் தூங்கவே இல்ல. நெலக்கதவப் பிடிச்சிகிட்டு உக்காந்திருக்கேன்." அவர் கையை விரித்துக் காட்டினார். முப்பது வருஷம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டின கை, உள்ளங்கை முழுக்கப் புதுக் கொப்புளம்.

"அந்தப் பட்டறைக்காரர் ஒண்ணும் சொல்லலியா?"

"வந்து பாத்தான். வீடு இல்ல, பள்ளம் இருக்கு. இடிக்கிற செலவு மிச்சம்னு சிரிச்சிட்டுப் போறான். அவனுக்கு வேண்டியது மண்ணு. மண்ணு அங்கதான் கெடக்கு."

"ஏம்ப்பா பிடிச்சீங்க? விட்டிருந்தா வந்திருக்கும்ல?"

"விட்டா?" அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நான் எறங்கி நின்னிருந்தா ஒரே ஓட்டமா வந்திருக்கும். வந்து? காலி வீட்ட வெச்சிகிட்டு நீ என்ன பண்ணுவே?"

 ரொட்டிக்காரர் யாருக்கோ மாவு தட்டும் சத்தம் கேட்டது.

"எறங்கவும் முடியல" என்றார் அவர், இன்னும் மெதுவாக. "உள்ள உக்காந்து வரவும் ஒரு மாதிரியா இருக்கு. நீ கூப்பிடல. நானும் கெளம்பல. இது ரெண்டுக்கும் நடுவுல இந்த வீடு இழுக்கிறதும் நான் நிறுத்தறதுமா... அறுபது டன் இருக்கும், என்னையும் சேத்தா. ஃபெரிக்காரன் வேணாம்னு சொன்னதும் நிம்மதியாத்தான் இருந்துச்சு."

"பதினாறுக்கு நான் இருந்திருக்கணும்பா."

"ஆமா" என்றார். "இருந்திருக்கணும்."

 போலீஸ்காரர் கேட்டோரம் வந்து, தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஐயா, முன்னாடி போறதா, பின்னாடி போறதா? சாயந்தரம் வண்டி அதிகமாயிரும்" என்று மலாயில் கேட்டார். அர்ச்சுனன் மகளைப் பார்த்தார். முன்னால் கடல், பின்னால் பள்ளம்.

"இன்னிக்கு வேணாமேப்பா" என்றாள் லோகேஸ்வரி. "இன்னிக்கு இங்கேயே நிக்கட்டும். என்னால முடியல."

"இன்னிக்கு இங்கதான்" என்று அவர் போலீஸ்காரரிடம் சொன்னார். போலீஸ்காரர் பெருமூச்சு விட்டு இன்னும் இரண்டு கூம்பு எடுத்துவரப் போனார்.

அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். அம்மா படம் பயணத்தில் சாய்ந்திருந்தது, நேராக்கினாள். முன்னறைத் தரை சில்லென்று இருந்தது. கொஞ்சம் உட்காரலாம் என்று உட்கார்ந்தாள், சாயலாம் என்று சாய்ந்தாள், பையைத் தலைக்கு இழுக்கப் பார்த்த கை பாதியிலேயே நின்றுபோனது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன, வீடு அதிர்ந்து அதிர்ந்து ஆடியது, அவள் வாய் திறந்து தூங்கினாள். அர்ச்சுனன் நிலைக்கதவிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். வீடு நகரவில்லை.

அப்போது பைக்குள் மடிக்கணினி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவள் எழுந்துவிடுவாளே என்று அவர் அவசரமாக அதை வெளியே எடுத்துக்கொண்டுபோய், வாசலில் மடியில் வைத்துத் திறந்து, தெரிந்த இரண்டு பொத்தானையும் தெரியாத ஒரு பொத்தானையும் அமுக்கினார். நாலு கட்டத்தில் நாலு நாட்டு முகங்கள் வந்து நின்று, பனியன் போட்ட கிழவரைப் பார்த்து ஹலோ என்றன.

மேலே கூண்டில் உட்கார்ந்து கீழே நிற்கிற கப்பல்காரர்களிடம் முப்பது வருஷம் பேசிய துறைமுகத்து இங்கிலீஷை அவர் எடுத்துத் தூசி தட்டினார், குரலை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மகள் தூங்குகிறாள் என்றார். ஏதாவது அவசர நிலையா என்று ஒரு முகம் கவலையோடு கேட்டது. இல்லை, தூக்கம் என்றார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள் என்று இன்னொரு முகம் கேட்டது.

அர்ச்சுனன் திரும்பி, தரையில் கிடந்தவளைத் தலையிலிருந்து கால்வரை, கொக்கி மாட்டுவதற்கு முன்னால் சரக்கைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

"ஹெவி லோட்" என்றார். "மெதுவாத்தான் எறக்கணும். டைம் சொல்ல முடியாது."

எப்படி மூடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மடிக்கணினியைத் தபால்பெட்டிமேல் ரோட்டைப் பார்க்க வைத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார். அந்த நாலு பேரும் போகாமல், ஒன்றும் பேசாமல், பொழுது சாயும்வரை லாரிகள் வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.